நீதிபோதனைப் பீரியட்: ஒரு சிறு வரலாறு
(முன்னாள் மாணவர், வரலாற்றுத் துறை, 1976–79)

மலர்க்குழு நண்பர் தொலைபேசியில் கூப்பிட்டார். "விடுதி நினைவுகள் நிறைய பேர் எழுதிட்டாங்க. மெஸ் சாம்பாரைப் பத்தி மட்டும் நாலு கட்டுரை வந்திருக்கு. நீங்க ஹிஸ்டரி ஆச்சே, வேற ஏதாவது எழுதுங்களேன்" என்றார். சாம்பாரைப் பற்றி எனக்கும் சொல்ல இருக்கிறது. ஆனாலும் அவர் கேட்டபடி வரலாறே எழுதுகிறேன். ராஜாக்களின் வரலாறு அல்ல. 40 நிமிட வகுப்பு ஒன்றின் வரலாறு.

நம்மில் பலர் ஹைஸ்கூலில் படித்தபோது வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் கடைசிப் பீரியடாக, 'நீதிபோதனை' என்று டைம் டேபிளில் ஒன்று இருக்கும். அதை யார் எடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. போர்ஷன் முடியாத கணக்கு வாத்தியார் வந்து எடுத்துக்கொள்வார். அவர் வராவிட்டால் மைதானம். 1983-இல் உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் வரலாற்று ஆசிரியராகச் சேர்ந்த எனக்கு இந்தப் பீரியடைத் தலையில் கட்டினார்கள். வரலாற்றுக்காரனுக்குக் கதை சொல்லத் தெரியும் என்பது ஹெட்மாஸ்டரின் கணிப்பு. 33 வருடம் அதை எடுத்தேன். ஓய்வு பெற்றபோதும் அது என் பெயரில்தான் இருந்தது.

1991-ஆம் வருடம் ஒரு வியாழக்கிழமை. ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு. காந்திஜியின் 'கெட்டில்' கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ராஜ்கோட் ஆல்பிரட் உயர்நிலைப் பள்ளியில் அவர் சேர்ந்த முதல் வருடம். ஜைல்ஸ் என்ற கல்வி இன்ஸ்பெக்டர் வருகிறார். ஐந்து ஆங்கிலச் சொற்களை எழுதச் சொல்கிறார். அதில் 'கெட்டில்' என்ற சொல்லைச் சிறுவன் மோகன்தாஸ் தப்பாக எழுதிவிடுகிறான். அதைக் கவனித்த வகுப்பாசிரியர், பக்கத்துப் பையனின் சிலேட்டைப் பார்த்து எழுது என்று பூட்ஸ் முனையால் சாடை காட்டுகிறார். சிறுவனுக்குப் புரியவில்லை. காப்பி அடிக்காமல் பார்த்துக்கொள்ளத்தானே வாத்தியார் நிற்கிறார் என்று நினைத்துக்கொள்கிறான். வகுப்பில் அவனைத் தவிர எல்லாரும் ஐந்து சொல்லையும் சரியாக எழுதியிருக்கிறார்கள். சத்திய சோதனையில் அவரே எழுதியிருக்கும் சம்பவம் இது. பின்னாளில் அந்த ஆசிரியரின் வேறு குறைகளும் தெரியவந்தன, ஆனாலும் மரியாதை குறையவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

கதை முடிந்தது. வழக்கமாகப் பிள்ளைகள் தலையாட்டுவார்கள். அன்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"சார், அந்த வாத்தியார் ஏன் சார் காப்பி அடிக்கச் சொன்னாரு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நம் கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியர் மூன்று வருடமும் ஒரே பாடத்தைத்தான் திரும்பத் திரும்ப நடத்தினார் என்று சொல்லலாம். எந்த ஆவணத்தைக் கையில் எடுத்தாலும், எழுதியவன் யார், எதற்காக எழுதினான், பக்கத்தில் நின்றவனுக்கு அதில் என்ன லாபம் என்று கேள் என்பார். அந்தப் பாடத்தை நான் மறந்திருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் கேட்டான்.

"அது அந்தக் காலத்துல அப்படி" என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். அவன் உட்காரவில்லை.

"சார், எங்க அப்பாதான் நம்ம புது பில்டிங்குக்குக் கொத்தனாரு. கட்டட நிதின்னு வாத்தியாருங்ககிட்ட எல்லாம் பணம் வாங்கினாங்கன்னு சொன்னாரு. வேலைக்குச் சேரும்போது நீங்களும் குடுத்தீங்களா சார்?"

வகுப்பு கப்சிப். ஜன்னல் ஓரத்துப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. உட்காரு" என்றேன்.

உண்மை வேறு. 1983-இல் 12,000 ரூபாய் கொடுத்துத்தான் சேர்ந்தேன். அம்மாவின் இரட்டை வடச் சங்கிலியும், ஊரில் இருந்த 40 சென்ட் நிலமும் அதில் போயின. கட்டட நிதி என்று 2,000 ரூபாய்க்கு மட்டும் ரசீது தந்தார்கள். அதைக் கொடுக்கும்போது எனக்குக் கூச்சம்கூட இருக்கவில்லை, வேலை கிடைத்த மகிழ்ச்சிதான் இருந்தது. எல்லாரும் கொடுத்தார்கள். நம் செட்டிலேயே எத்தனை பேர் கொடுத்தோம் என்று இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

அன்று மணி அடிக்க இன்னும் 15 நிமிடம் இருந்தது. திருப்பிப் படிக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பையனின் முதல் கேள்விக்குப் பதில் தேடப்போய்த்தான் இந்தப் பீரியடின் வரலாற்றுக்குள் நுழைந்தேன். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல 25 வருடம் ஆயிற்று. அதற்குப் பிறகு வருகிறேன்.

ராஜ்கோட் ஆசிரியர் ஏன் பூட்ஸைக் காட்டினார்? கெட்டவர் என்பதாலா? அவர் காலத்துக் கல்விமுறையைப் பார்த்தால் விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பள்ளிக்கூடம் என்றால் இன்ஸ்பெக்ஷன்தான். இங்கிலாந்தில் 1862 முதல், மாணவர் எத்தனை பேர் இன்ஸ்பெக்டர் வைக்கும் பரீட்சையில் தேறுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்துத்தான் பள்ளிக்கு மானியம் கொடுத்தார்கள். நம் சென்னை மாகாணத்திலும் 'ரிசல்ட் கிராண்ட்' என்ற பெயரில் அந்த முறை புழங்கியது. இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் பிள்ளை தப்பாக எழுதினால் வாத்தியாரின் பிழைப்பில் கை வைத்த மாதிரி. ராஜ்கோட் பள்ளியில் மானியம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்ற விவரத்துக்குள் நான் போகவில்லை. இன்ஸ்பெக்டர் முன்னால் வகுப்பு பளிச்சென்று தெரிய வேண்டும் என்ற நெருக்கடி மட்டும் எங்கும் ஒன்றுதான். நாங்களும் டி.இ.ஓ. வருகிற நாளுக்கு முதல் நாளே கேள்வியையும் பதிலையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, கெட்டிக்காரப் பையன்களை முன் பெஞ்சில் உட்கார வைத்தவர்கள்தான்.

ஆக, ஒரு நூற்றாண்டாக நாம் மாணவர்களுக்குச் சொல்லிவருகிற அந்தக் கதையில் தப்புச் செய்தவர் மாணவர் இல்லை. வாத்தியார். அவரை அப்படிச் செய்யவைத்தது பள்ளிக்கூடத்தை அளந்த முறை. அதை விட்டுவிட்டு, 'நேர்மையாக இரு' என்று பையனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நீதியைப் புத்தகம் வைத்துக் கற்பிக்கலாமா என்ற சண்டையும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் நடந்தது. 1882-இல் வில்லியம் ஹண்டர் தலைமையில் இந்தியாவின் முதல் கல்விக் கமிஷன் அமைந்தது. எல்லா மதத்துக்கும் பொதுவான ஒரு நீதிப் பாடநூலை எழுதிக் கல்லூரிகளில் வைக்கலாம், மனிதனின் கடமை, குடிமகனின் கடமை பற்றி வருடந்தோறும் பேராசிரியர் சொற்பொழிவு ஆற்றலாம் என்று அது சிபாரிசு செய்தது. கமிஷனில் உறுப்பினராக இருந்த பம்பாய் காசிநாத் திரியம்பக் தெலாங் இதற்கு உடன்படாமல் தனிக் குறிப்பு எழுதினார். அரசாங்கமும் அந்தப் பாடநூல் யோசனையை ஏற்கவில்லை.

தமிழில் நீதி நூலுக்குப் பஞ்சமே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆத்திசூடியில் தொடங்கித்தான் எழுத்தே கற்றார்கள். அவற்றில் எனக்குத் தனி மதிப்பு உள்ளது மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் நீதி நூல். வெளிவந்த வருடம் 1859. அதில் கைக்கூலி வாங்குவதைக் கண்டிக்கும் பகுதி உண்டு. மற்ற நீதி நூல்களை எழுதியவர்கள் புலவர்கள், துறவிகள். இவரோ அப்போது முனிசீப் வேலையில் இருந்தவர். கச்சேரியில் யார் யாருக்கு எவ்வளவு கைமாறும் என்பதைத் தினமும் கண்ணால் பார்த்தவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அந்த நாற்காலியைப் பற்றியே பாடியிருக்கிறார். 'பிரதாப முதலியார் சரித்திர'த்துக்காக மட்டும் அவரை நினைக்கிறோம். இந்த நூலையும் நினைக்கலாம்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த கமிட்டிகளை வேகமாகத் தாண்டிவிடலாம். 1948–49-இல் ராதாகிருஷ்ணன் கமிஷன், 1959-இல் அமைந்து 1960-இல் அறிக்கை தந்த ஸ்ரீ பிரகாசா கமிட்டி (இவர் முன்பு சென்னை மாகாணக் கவர்னராக இருந்தவர்), இரண்டுமே தினமும் சில நிமிடம் மௌனமாக உட்காரச் சொல்லின. 1964–66-இல் கோத்தாரி கமிஷன், வாரத்துக்கு ஒன்றிரண்டு பீரியட் ஒதுக்கச் சொன்னது. நான் கண்ட பீரியடின் பூர்வீகம் இதுதான். மௌனமாக உட்காரும் யோசனையைக் கணக்கு வாத்தியார்கள் கைவசப்படுத்த முடியாது என்பதால், அதையே வைத்துக்கொண்டிருக்கலாமோ என்றுகூடத் தோன்றுகிறது.

இதே வருடங்களில் இன்னொரு கமிட்டியும் இருந்தது. உள்துறை மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி 1962-இல் அமைத்தது. தலைவர் தமிழரான கே. சந்தானம். அரசாங்க அலுவலகங்களில் லஞ்சம் எப்படி நடக்கிறது என்பதை அந்தக் கமிட்டி விரிவாக ஆராய்ந்தது. செய்யக்கூடாததைச் செய்யவைக்க மட்டும் ஜனங்கள் பணம் கொடுப்பதில்லை, செய்யவேண்டியதைச் சீக்கிரம் செய்யவைக்கவும் கொடுக்கிறார்கள் என்று அது கண்டது. 'ஸ்பீட் மணி' என்ற சொல் அந்த அறிக்கையில் வருகிறது. அதன் விளைவாக 1964 பிப்ரவரியில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் பிறந்தது.

கவனியுங்கள். ஒரு பக்கம் கோத்தாரி கமிஷன் பள்ளிக்கூடத்துக்கு நீதி சொல்கிறது. மறுபக்கம் சந்தானம் கமிட்டி ஆபீசில் லஞ்சம் எப்படிப் பாய்கிறது என்று சொல்கிறது. இரண்டும் ஒரே காலம், ஒரே அரசாங்கம். ஆனால் சந்தானம் கமிட்டி கண்டுபிடித்தது எதுவும் ஒன்பதாம் வகுப்புக்கு வரவில்லை. நாங்கள் பொய் பேசாதே, திருடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஜாதிச் சான்றிதழுக்குப் பையனின் அப்பா தாலுகா ஆபீசில் எவ்வளவு கொடுத்தார் என்ற பேச்சு வகுப்புக்குள் நுழையவே இல்லை. அந்தப் பையனுக்கோ தொகை சரியாகத் தெரியும்.

இந்த இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்த ஊர் ஒன்று உண்டு என்பது எனக்கு நம் செட் நண்பர் ஒருவரால் தெரிந்தது. 1980-களில் வங்கி வேலையாக ஹாங்காங் போனவர். 1993-இல் விடுமுறைக்கு வந்தபோது என் கொத்தனார் மகன் கதையைச் சொன்னேன். சிரித்தார். பிறகு அங்கிருந்து ஒரு கட்டுப் புத்தகங்களும் துண்டுப் பிரசுரங்களும் அனுப்பிவைத்தார். அதற்கப்புறம் நானும் தேடித் தேடிப் படித்தேன்.

1960-கள், 70-களின் தொடக்கத்தில் ஹாங்காங் என்றால் நமக்கு ஆச்சரியமே தராத ஊர். ஆஸ்பத்திரியில் வெந்நீர் வேண்டுமா, பெட்பேன் வேண்டுமா, ஆயாவுக்குக் காசு. தீயணைப்பு வண்டி வந்து நிற்கும், பணம் கைமாறினால்தான் குழாயில் தண்ணீர் வரும். அதற்கு 'டீ காசு' என்று செல்லப் பெயர். நம்மூரில் 'காப்பிக் காசு' என்பதுபோல. லஞ்சத்தை விசாரிக்கிற பிரிவே போலீசுக்குள்தான் இருந்தது. போலீசில் வசூல் நடக்கிற விதத்தைப் பஸ்ஸுக்கு ஒப்பிட்டார்கள் என்று அங்கத்திய விசாரணை அறிக்கை சொல்கிறது. ஏறிக்கொள்ளலாம், ஏறாமல் பக்கத்தில் ஓடி வரலாம், முன்னால் மட்டும் நிற்கக்கூடாது.

1973-இல் பீட்டர் காட்பர் என்ற உயர் போலீஸ் அதிகாரியிடம், சம்பளத்துக்குப் பொருந்தாத 43 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் சொத்து இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. விளக்கம் கேட்டார்கள். அவரோ ஜூன் 8-ஆம் தேதி, விமான நிலையத்துக்குள் போக வர வைத்திருந்த போலீஸ் பாஸைக் காட்டி விமானம் ஏறி இங்கிலாந்து போய்விட்டார். வருமானத்துக்கு மீறிய சொத்து வைத்திருப்பது ஹாங்காங்கில் குற்றம், இங்கிலாந்தில் குற்றமில்லை. அதனால் அந்தக் குற்றத்துக்காக அவரைத் திருப்பிக் கேட்கவும் வழியில்லை.

இங்கேதான் நம் இளைய மாணவர்கள் கவனிக்க வேண்டும். முதலில் கொதித்துத் தெருவுக்கு வந்தவர்களில் மாணவர்கள் முன்னால் நின்றார்கள். 1973 ஆகஸ்டில் விக்டோரியா பூங்காவில், லஞ்சத்தை ஒழி, காட்பரைப் பிடி என்று கூட்டம் போட்டார்கள். சிலர் கைதானார்கள். பிளேர்-கெர் என்ற நீதிபதியின் விசாரணை அறிக்கைகள் வந்தன. கவர்னர் மக்லஹோஸ், போலீசுக்கு வெளியே, தனக்கு மட்டும் பதில் சொல்லும் தனி ஆணையம் ஒன்றை 1974 பிப்ரவரி 15-இல் அமைத்தார். நம் கண்காணிப்பு ஆணையம் பிறந்து சரியாகப் பத்து வருடம் கழித்து.

அந்த ஆணையத்துக்கு மூன்று இலாகா. ஒன்று பிடிக்கிற இலாகா. இரண்டாவது, லஞ்சம் நுழைகிற ஓட்டை எந்தப் படிவத்தில், எந்தக் கவுண்டரில் இருக்கிறது என்று பார்த்து அடைக்கிற இலாகா. மூன்றாவது, ஜனங்களோடு பழகிப் பேசுகிற இலாகா. பள்ளிக்கூடம் இதன் பொறுப்பு. நம் ஆணையத்துக்கு 1964-இல் இப்படியொரு கை கிடைக்கவில்லை. 2003-இல்தான் அதற்குத் தனிச் சட்டமே வந்தது.

மூன்றாவது இலாகாக்காரர்கள் பள்ளிகளுக்குப் போனார்கள். எது லஞ்சம், எது குற்றம், என்ன தண்டனை என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதோடு நின்றிருந்தால் அதுவும் நம் நீதிபோதனை மாதிரி ஒன்றாகத்தான் முடிந்திருக்கும். சட்டத்தைச் சொன்னால் மட்டும் போதாது என்று கண்டுகொண்டு, ஆசிரியர்களோடு சேர்ந்து பாடப் பொருள்களைத் தயாரித்தார்கள். நியாயமான பங்கு எது, நண்பனுக்காகப் பொய் சொல்லலாமா, கண்ட தப்பை யாரிடம் சொல்வது என்று பிள்ளைகள் தாங்களே பேசித் தீர்க்கிற கதைகள் அதில் வந்தன. 1981-இல் அங்கத்திய கல்வித்துறையும் ஒழுக்கக் கல்விக்கான வழிகாட்டுக் குறிப்புகளை வெளியிட்டது. பின்னாளில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு நாடகக் குழுக்கள் போயின, மாணவர்களையும் உள்ளே இழுத்துப் பேசவைக்கிற நாடகங்களோடு.

நண்பர் அனுப்பிய கட்டைப் படித்தபோது முதலில் இந்தப் பாடங்களைத்தான் பெரிதாக நினைத்தேன். பத்துப் பதினைந்து கதைகளைத் தமிழுக்கு ஏற்ப மாற்றி எழுதிக்கூட வைத்தேன். அப்புறம்தான் பட்டது. பாடத்துக்கு முன்னால் ஒன்று நடந்திருக்கிறது. 1975 ஜனவரியில் காட்பரை இங்கிலாந்திலிருந்து திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். எந்தக் குற்றத்துக்காக? இன்னொரு போலீஸ் அதிகாரியிடம் 25,000 டாலர் வாங்கிக்கொண்டு அவருக்கு வான்சாய் பகுதிப் பொறுப்பை வாங்கித் தந்ததற்காக. நாலு வருடம் ஜெயில். அந்த ஊர்ப் பிள்ளைகள் இதைப் பேப்பரில் படித்தார்கள். அதன் பிறகு வகுப்புக்கு வந்து ஒருவர் நேர்மையைப் பற்றிப் பேசினால் காது கொடுக்க ஒரு காரணம் இருந்தது.

வேலைக்குப் பணம் என்ற அந்தக் குற்றத்தின் பெயரைப் படித்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காட்பரை வெறுப்பது சுலபம். பணம் கொடுத்த அதிகாரியின் இடத்தில் என்னை வைத்துப் பார்ப்பது அப்படி இல்லை.

அங்கேயும் எல்லாம் நேர்கோட்டில் போகவில்லை. 1977 அக்டோபரில் போலீஸ்காரர்களே திரண்டு ஆணையத்தின் அலுவலகத்துக்குள் புகுந்து தாக்கினார்கள். நவம்பரில் கவர்னர் இறங்கிவந்தார். 1977 ஜனவரி 1-க்கு முந்தைய குற்றங்களைப் பொதுவாகத் தோண்டுவதில்லை என்று அறிவித்தார். அது கோழைத்தனமா, சாமர்த்தியமா என்று இன்றும் வாதாடலாம். அதைப் படிக்கும்போது, 1983-க்கு முந்தையது, பிந்தையது என்று எனக்கும் யாராவது ஒரு கோடு போட்டுத் தரமாட்டார்களா என்று தோன்றியது. பாடம் நடத்தினால் எல்லாரும் யோக்கியர்களாகிவிடுவார்கள் என்பதும் இல்லை. அதே ஊரில் நிர்வாகத்தின் இரண்டாவது நாற்காலியில் இருந்த ரஃபேல் ஹூய் 2014-இல் லஞ்ச வழக்கில் ஏழரை வருடம் தண்டனை பெற்றார். ஆனால் பிடிபட்டார், தண்டனையும் பெற்றார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இனி எங்கள் பள்ளிக்கூடம்.

2000-இலிருந்து நம் நாட்டிலும் அக்டோபர் கடைசியில், சர்தார் படேல் பிறந்தநாளை ஒட்டி, ஊழல் ஒழிப்பு விழிப்புணர்வு வாரம் நடத்துகிறார்கள். 2004-இல் ஊரிலிருந்த ஒரு வங்கிக் கிளை அதற்காகப் பள்ளிகளுக்குக் கட்டுரைப் போட்டி வைத்தது. எங்கள் பள்ளியிலிருந்து ஒரு மாணவி. நன்றாகப் படிக்கிறவள், ஆனால் அவள் எழுதிய கட்டுரை இரண்டே பக்கம். ரேஷன் கடையில் எடை குறைவது, அதை அவள் அம்மா கேட்டபோது கடைக்காரர் சொன்ன பதில், அவ்வளவுதான். ஹெட்மாஸ்டர், "பிரைஸ் வரணும் சார், கொஞ்சம் பார்த்துக்குங்க" என்றார். நான் பார்த்துக்கொண்டேன். ரேஷன் கடையை எடுத்துவிட்டு, சந்தானம் கமிட்டி, குறள், காந்திஜி என்று எட்டுப் பக்கம் நானே எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்யவைத்தேன். இரண்டாம் பரிசு வந்தது. பிரேயரில் கை தட்டினோம்.

அன்று இரவு சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் ராஜ்கோட் வாத்தியாரின் பூட்ஸ் என் காலில் இருப்பது தெரிந்தது. அதுவும் ஊழல் ஒழிப்புக் கட்டுரைக்கு. மறுநாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "உன் கட்டுரைதாம்மா நல்ல கட்டுரை" என்றேன். "பரவாயில்ல சார், பிரைஸ் வந்துடுச்சுல்ல" என்றாள். அவள் அதைச் சொன்ன சாதாரணம்தான் என்னை உலுக்கியது. ஒரே வாரத்தில் நான் கற்றுக்கொடுத்த பாடம் அது.

அதற்குப் பிறகு நீதிபோதனைப் பீரியடில் கதை சொல்வதைக் குறைத்துக்கொண்டேன். 2007-இல் 'நேர்மைக் கடை' ஒன்று வைத்தோம். அப்போது கேரளத்திலும் நம் பக்கமும் சில பள்ளிகளில் இப்படி நடப்பதாகக் கேள்விப்பட்டு, நாங்களும் தொடங்கியது. வராண்டாவில் ஒரு மேசை. நோட்டு, பேனா, பென்சில், ரப்பர், ஸ்கேல். விலைப் பட்டியல். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் காசு போட வேண்டும், மிச்சத்தை அதிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். கடைக்காரர் கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் சரக்கை எண்ணிக் கணக்கு எழுதுவார்கள்.

முதல் வாரம் 38 ரூபாய் குறைந்தது. ஆசிரியர் அறையில் ஒரே பேச்சு. "நம்ம பசங்களைத் திருத்த முடியாது சார்", "வீட்டுல வளர்ப்பு அப்படி." இரண்டாம் வாரமும் குறைந்தது. மூன்றாம் வாரம் கணக்கு எழுதிய பிள்ளைகள் என்னிடம் நோட்டைக் கொண்டுவந்து நீட்டிவிட்டு எதுவும் சொல்லாமல் நின்றார்கள். ஒவ்வொரு சாமானும் தனித்தனியாக எழுதியிருந்தார்கள். நீல பேனா சரி. பென்சில் சரி. ரப்பர் ஒன்று குறைவு. சிவப்பு பேனா ஏழு குறைவு.

சிவப்பு மையில் எழுதுகிறவர்கள் பள்ளிக்கூடத்தில் யார்?

நான் அந்த நோட்டை ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோய் மேசைமேல் விரித்து வைத்தேன். வாய் திறக்கவில்லை. ஒருவர், "அவசரத்துக்கு எடுத்தது, அப்புறம் போடலாம்னு…" என்று இழுத்தார். மற்றொருவர் பிள்ளைகளை நம்மைக் கணக்குப் பார்க்க விடலாமா என்று கோபப்பட்டார். கோபப்பட்டவர் அடுத்த இரண்டு வருடம் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் திங்கட்கிழமை பாட்டிலில் 70 ரூபாய் கூடுதலாக இருந்தது. யார் போட்டார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. கடை 2012 வரை ஓடியது. குறைவதும் கூடுவதுமாக. ஒரு பொங்கல் விடுமுறைக்குப் பிறகு பாட்டிலே காணாமல் போனதும் உண்டு. ஆனால் அந்த நாலு பேரின் கணக்கு மட்டும் ஒரு வாரமும் நிற்கவில்லை. கேள்வி கேட்கும் உரிமை கையில் இருக்கிறது என்று தெரிந்தால் ஒன்பதாம் வகுப்பு எவ்வளவு ஒழுங்காக வேலை பார்க்கும் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

2016 ஏப்ரலில் ஓய்வு. கடைசி நீதிபோதனைப் பீரியடும் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவுக்கே அமைந்தது. கெட்டில் கதையைச் சொன்னேன், இம்முறை வாத்தியார் பக்கமிருந்து. பிறகு 1991-இல் ஒரு பையன் கேட்டதையும், நான் சொன்ன பொய்யையும், 12,000 ரூபாயையும், சங்கிலியையும், 2,000 ரூபாய் ரசீதையும் சொன்னேன். பரிசுக் கட்டுரையையும் விடவில்லை. தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். இன்னும் மூன்று நாளில் ஓய்வு பெறப்போகிறவனை யார் என்ன செய்ய முடியும்? அந்தப் பையன் வேலையில் இருந்த என்னிடம் கேட்டான். நான் போகும்போது பதில் சொல்கிறேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும்.

வகுப்பில் சத்தமில்லை. முன் பெஞ்சில் ஒரு பெண் கை தூக்கினாள்.

"உங்கம்மா சங்கிலிய அப்புறம் வாங்கிக் குடுத்தீங்களா சார்?"

"இல்லம்மா. 1994-இல் இறந்துட்டாங்க."

பக்கத்திலிருந்த பையன், "லஞ்சம் குடுக்கறதும் தப்பா சார், வாங்கறது மட்டும்தானே?" என்று கேட்டான். அன்று எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது கொடுப்பதையும் நேரடிக் குற்றமாக்கினார்கள். கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம் என்றும் வைத்தார்கள். அந்தப் பையனைக் கண்டால் சொல்ல வேண்டும் என்று இருக்கிறேன். இப்போது நம் கல்லூரியிலேயே முதுகலை படிக்கிறான் என்று கேள்வி. இந்த மலர் அவன் கைக்கு வந்தால் இதுவே பதில்.

கொத்தனார் மகனைப் பற்றிக் கேட்பீர்கள். பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு அப்பாவோடு வேலைக்குப் போனான். இப்போது சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறான். 2019-இல் என் வீட்டு மாடிக்குத் தளம் போட்டது அவன்தான். வேலை முடிந்த அன்று சொல்லிவிடலாம் என்று, "தம்பி, ஒம்பதாவதுல ஒரு நாள் நீ என்னை ஒண்ணு கேட்டே" என்று ஆரம்பித்தேன். "தெரியும் சார், விடுங்க" என்றான். பிறகு தளத்துக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் ஆயிற்று, எத்தனை மிச்சம், மிச்சத்தைக் கடையில் திருப்பிக் கொடுத்ததற்கு எவ்வளவு என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தான்.

நேர்மைக் கடையின் கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது, 2007 முதல் 2012 வரை, சிவப்பு பேனா பக்கம் உட்பட. சந்திப்பு நாளன்று கொண்டுவருகிறேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வரலாற்றுத் துறை வராண்டாவில் இருப்பேன். பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம்.